பெயரும் எண்ணும்: கிள்ளான் இருப்புப்பாதை காட்டும் ஒரு வரலாறு

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள். ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் வண்டி செல்லப் பாலம் அமைந்தது 1890இல். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டபோது, ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் வழி முழுமை பெற்றது. அந்தத் துறைமுகமே 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்குகிறது.

ஒருசில எஞ்சின்கள் மட்டும் ஓடும் சிறு பாதையில், ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய எண் எதற்கு? ஊதல் ஒலியைக் கேட்டே இன்ன எஞ்சின் வருகிறது என்று சொல்லிவிடலாம். ஒரே அச்சில் வார்த்தாற்போல் பத்து எஞ்சின்கள் வந்திறங்கும் நாளில்தான் தொல்லை தொடங்குகிறது. உருவம் ஒன்று, வேலை ஒன்று, வகைப்பெயரும் ஒன்று. ஆயினும் கொதிகலன் பழுதானது அவற்றுள் ஒன்றில் மட்டும். எதனைப் பணிமனைக்கு அனுப்புவது? எதற்கு நிலக்கரிக் கணக்கு எழுதுவது?

தொல்காப்பியர் பெயரியலில் இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் எனப் பகுத்துக் காட்டினார். ஒரே இயற்பெயருடைய ஐவர் ஓரிடத்தில் நின்றால் என் செய்வது என்பது இலக்கணத்தின் கவலையன்று, கணக்கரின் கவலை. மலாயாவில் அந்தக் கவலை 1901இல் பெரிதாயிற்று. அவ்வாண்டில் பேராக் இருப்புப்பாதையும் சிலாங்கூர் இருப்புப்பாதையும் இணைந்து மலாய் ஐக்கிய நாடுகளின் இருப்புப்பாதை ஆயின. தனித்தனியே ஏடு வைத்து எண்ணி வந்த இரண்டு நிறுவனங்கள் ஒன்றானால், ஒரே எண் இருமுறை வருவது இயல்பே. தன் ஏட்டுக்குள் மட்டும் தனித்து நிற்கும் எண், அடுத்த ஏட்டோடு சேரும்போது அத்தனிமையை இழக்கிறது. எந்த எல்லைக்குள் இந்த எண் ஒன்றே ஒன்று என்ற கேள்விக்கு விடை கூறாத எண்முறை, என்றேனும் ஒருநாள் குழப்பத்தில் முடியும்.

இக்கணக்குகளை எழுதியவரும் இந்த எஞ்சின்களோடு உழைத்தவரும் பெரும்பாலும் பிரிக்பீல்ட்ஸ் வாசிகள். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற அப்பகுதியில் இருப்புப்பாதையின் பணிமனையும் ஊழியர் குடியிருப்பும் எழுந்தன. யாழ்ப்பாணத் தமிழர் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தனர்; தமிழகத்திலிருந்து வந்தோர் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தனர். அங்கிருந்த அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றுக்கு ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்றே பெயர். எண்ணே பெயராகி நின்ற விந்தை அது! ஆனால் அந்த நூற்றுள் எந்த வீடு என்று தபால்காரர் கேட்டால், மீண்டும் ஓர் எண் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எஞ்சின்களுக்கு மலாயா இருப்புப்பாதை கண்ட முறை சுவையானது. முதலில் வகைக்கு ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. 1938 முதல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் தொழிலகம் கட்டி அனுப்பிய நீராவி எஞ்சின்களுக்கு ‘ஓ’ வகை என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுத்து மறைந்து எண் வந்தது. ‘ஓ’ வகை 56ஆம் வகை ஆயிற்று. அவற்றுள் ஒன்றன் எண் 564.36. புள்ளிக்கு முன் நிற்பது வகையையும் உட்பிரிவையும் கூறும். பின் நிற்பது அவ்வகையுள் இன்னது என்று கூறும். எண்ணைக் கண்ட மாத்திரத்தில், எந்த உதிரிப்பாகம் இதற்குப் பொருந்தும் என்பதையும், எந்த எஞ்சினின் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பதையும் பட்டறைக்காரர் அறிந்துகொள்வார்.

இவ்வளவு செப்பமான எண் இருந்தும், அந்த எஞ்சினுக்கு ‘தெமர்லோ’ என்ற ஊர்ப்பெயரும் சூட்டப்பட்டது. 56ஆம் வகை எஞ்சின்கள் மலாயா நகரங்களின் பெயரைத் தாங்கி ஓடின. 1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து வந்த 26 டீசல் எஞ்சின்களுக்கோ மலர்ப்பெயர்கள். அவை 20ஆம் வகை. கரிப்புகை கக்கிய எஞ்சினுக்கு ஊர்ப்பெயர், டீசல் நாற்றம் வீசிய எஞ்சினுக்குப் பூப்பெயர்! பெயர் இட்டவரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும். கணக்கு நோக்கில் பார்த்தால் இப்பெயர்களால் ஒரு பயனும் இல்லை. பழுது ஏட்டிலும் கரிக் கணக்கிலும் எண்தான் ஆளும். ஆயினும் அன்பு எண்ணின்மேல் செல்லாது, பெயரின்மேல்தான் செல்லும். எஞ்சினைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய ஃபயர்மேனுக்கு அது 564.36 அன்று, தெமர்லோ.

இதுவரை கூறியது எஞ்சினின் உடலைப் பற்றியது. ஓட்டம் என்பது வேறு. ஒரே எஞ்சின் காலையில் கிள்ளானுக்குப் போகும். மாலையில் சரக்கு இழுக்கும். மறுநாள் பணிமனையில் ஓய்ந்து கிடக்கும். கால அட்டவணையிலுள்ள ரயில் எண் அந்த எஞ்சினுக்கு உரியதன்று. குறித்த நேரத்தில், குறித்த வழியில் நிகழும் ஓட்டத்துக்கு உரியது. இன்று கோலாலம்பூர் சென்ட்ரலில் ஈ.டி.எஸ். வண்டியில் ஏறுபவரின் சீட்டைப் பார்த்தால் இது விளங்கும். ஈ.பி. அல்லது ஈ.ஜி. என்ற எழுத்தும் நான்கு இலக்க எண்ணும் அதில் இருக்கும். எழுத்து சேவையின் தரத்தைக் காட்டும். எண் ஓட்டத்தைக் காட்டும். இழுத்துச் செல்லும் வண்டித்தொடர் எது என்பதைப் பற்றிச் சீட்டு வாய் திறப்பதில்லை. பயணிக்கு அது வேண்டுவதும் இல்லை.

ஆக, ஓடும் பொருளுக்கு மூன்று அடையாளங்கள் தேவைப்படுகின்றன: வகை, உடல், ஓட்டம். வகை பலவற்றுக்கும் பொது. உடலெண் பிறந்தது முதல் உடைத்து விற்கப்படும் வரை நிலைப்பது. ஓட்ட எண்தான் வழுக்கும் இடம். ஏனெனில் அது மறுநாளும் அதே எண்ணாகவே வருகிறது.

வழுக்கும் விதத்துக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. சென்னையிலிருந்து புது தில்லிக்கு நாள்தோறும் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் எண் 12621. இரவு புறப்பட்டு, ஏறத்தாழ 33 மணி நேரம் ஓடி, மூன்றாம் நாள் காலையில்தான் அது தில்லி சேரும். எனவே இன்றிரவு சென்னையை விட்டு ஒரு 12621 நகரும்போது, நேற்றிரவு புறப்பட்ட மற்றொரு 12621 வடக்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பெயர், ஒரே எண், ஓடுவன இரண்டு. வண்டி எங்கே வருகிறது என்று விசாரிப்பவரிடம், எந்தத் தேதியில் புறப்பட்ட வண்டி என்று இந்திய ரயில்வே திருப்பிக் கேட்பது இதனால்தான். பெயரும் எண்ணும் கைவிட்ட இடத்தில் புறப்பட்ட நாள் கைகொடுக்கிறது.

இதே முடிச்சைத் தமிழ்க் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் வேறோர் இடத்தில் அவிழ்த்தனர். பாண்டியர் சடையவர்மன், மாறவர்மன் என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினர் என்பது தமிழாசிரியர் அறிந்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இது பெருங்குழப்பமாகிறது. சடையவர்மன் சுந்தர பாண்டியன் 1251இல் ஆட்சி தொடங்கினான். சடையவர்மன் வீர பாண்டியன் 1253இல் தொடங்கினான். மாறவர்மன் குலசேகரன் 1268இல் தொடங்கினான். குலசேகரன் காலத்திலேயே 1276, 1277 அளவில் இன்னொரு சடையவர்மன் சுந்தர பாண்டியன் தோன்றுகிறான். ஒருவர் மறைந்தபின் ஒருவர் வந்திருந்தால் எளிது. இவர்களோ ஒருங்கே ஆண்டனர். அந்நாட்டை ஐந்து உடன்பிறந்தார் ஆள்வதாக மார்க்கோ போலோ எழுதிவைத்தார்.

கல்வெட்டில் ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்ற அடைமொழி கிடையாது. தன்னை முதலாமவன் என்று எந்த அரசனும் அழைத்துக்கொள்வதில்லை; இரண்டாமவன் வருவான் என்று அவன் எங்ஙனம் அறிவான்? அவ்வெண்கள் பிற்கால வரலாற்றாசிரியர் இட்டவை. பெயர் ஒத்த கல்வெட்டுகளை எப்படிப் பிரித்தனர்? ஆட்சியாண்டோடு கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருந்த கிழமை, திதி, நாண்மீன் ஆகியவற்றைக் கொண்டு உண்மையான தேதியைக் கணித்தனர். அதிலிருந்து ஆட்சியாண்டைக் கழித்து, அந்த அரசன் ஆட்சி தொடங்கிய நாளைக் கண்டனர். ஜெர்மானியப் பேரறிஞர் கீல்ஹார்ன் இம்முறையில் பாண்டியர் பலரைப் பிரித்துக் காட்டினார். பின்னர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்கக் கணிதத்தால் அவ்வேலையை விரிவாக்கினார். இரு கல்வெட்டுகளும் ஒரே தொடக்க நாளைத் தந்தால் அரசன் ஒருவன். வேறு வேறு நாளைத் தந்தால் பெயர் ஒன்றாயினும் அரசர் இருவர். 12621ஐப் பிரிக்கும் வழியும் இதுவே அன்றோ!

இக்காலக் கணினிக்குள்ளும் இதே காட்சி. ஒரே நிரலை ஒருவர் நான்கு முறை திறக்கிறார். வட்டில் கிடக்கும் நிரல் ஒன்று. நினைவகத்தில் ஓடுவன நான்கு. நான்குக்கும் பெயர் ஒன்றே. அவற்றுள் ஒன்று சிக்கி நின்றுவிட்டால் எதனை நிறுத்துவது? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பில், ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் முறை அமைந்தது. முடியும்வரை அவ்வெண் மாறாது. முடிந்தபின் அது வேறொன்றுக்குப் போகலாம். யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸில் நெடுங்காலம் 32,768 என்பதே இயல்பான மேலெல்லை. அதனை எட்டியதும் எண்ணிக்கை கீழே திரும்பி, ஒழிந்து கிடக்கும் எண்ணை எடுத்துக் கொடுக்கும். ஆகவே நேற்றைய 4,200ஆம் எண்ணும் இன்றைய 4,200ஆம் எண்ணும் ஒன்றென நம்பி அதனை நிறுத்த முனைபவர், தொடர்பே இல்லாத வேறொன்றைக் கொன்றுவிடக் கூடும். கவனமுள்ள நிரலாளர் எண்ணோடு தொடங்கிய நேரத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்வர். பாண்டியருக்குக் கீல்ஹார்ன் செய்ததைக் கணினிக்கு இவர்கள் செய்கின்றனர்.

விண்டோஸ் அமைப்பின் அளவைக் கணக்கு வேறொரு வழியில் சென்று இடறிற்று. ஒரே நிரல் மூன்று முறை ஓடினால் முதலாவதற்கு வெறும் பெயர். இரண்டாவதற்குப் பெயரோடு 1. மூன்றாவதற்குப் பெயரோடு 2. பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் நடுவில் உள்ளது முடிந்துபோனால், 2 என்று இருந்தது 1 ஆகிவிடும்! நேற்று முழுதும் 2ஆம் எண்ணின் நினைவகச் செலவைக் குறித்துக்கொண்டு வந்தவர், இன்று குறிப்பது யாருடைய செலவு என்று தெரியாமல் திகைப்பார். பள்ளியில் இதற்கு நேரான உவமை உண்டு. வகுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசை எண் இத்தகையது. ஒரு மாணவன் வேறு பள்ளிக்கு மாறினால் அடுத்த ஆண்டு அவனுக்குக் கீழிருந்தவர் எல்லாரும் ஓரெண் மேலே ஏறுவர். சேர்க்கைப் பதிவேட்டின் எண்ணோ ஒருமுறை இட்டது இட்டதுதான். வரிசை எண்ணைச் சான்றிதழில் எழுதும் தலைமையாசிரியர் எவரும் இரார். அந்தத் தெளிவு மென்பொருள் வல்லுநர்க்கு வரச் சற்றுக் காலம் பிடித்தது. விண்டோஸின் பிந்திய பதிப்புகளில், மாறும் வரிசை எண்ணுக்கு மாற்றாகப் பெயரோடு ஓட்ட எண்ணையே இணைத்து எழுதும் கணக்கு ஒன்றும் சேர்க்கப்பட்டது.

ரயிலும் கணினியும் ஒன்றுகூடிய இடம் கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடம். 1998இல் திறக்கப்பட்ட அத்தடத்தில் வண்டிகள் ஓட்டுநர் இன்றித் தாமே ஓடுகின்றன. எந்த எண் வண்டி எங்கே நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். 2021 மே 24ஆம் நாள் இரவு, கம்போங் பாரு, கே.எல்.சி.சி. நிலையங்களுக்கு இடைப்பட்ட சுரங்கத்தில் 40ஆம் எண் வண்டியும் 81ஆம் எண் வண்டியும் நேருக்கு நேர் மோதின. 40ஆம் வண்டி பழுதுற்றுப் பயணிகள் இன்றிக் கையால் ஓட்டிச் செல்லப்பட்டது. செல்லவேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் அது சென்றது என விசாரணையில் தெரியவந்தது. காயமுற்றோர் 213 பேர். இரண்டு வண்டிகளின் எண்ணிலும் பிழை இல்லை. எது என்பதை எண் சொல்லிற்று. எங்கே, எத்திசையில் என்பதைச் சொல்ல எண்ணால் இயலாது. பழைய ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தோடு கொடுத்த டோக்கன் இதனை அறிந்து அமைந்த ஏற்பாடு. அந்த டோக்கனில் வண்டியின் பெயரோ எண்ணோ இராது. எந்த இரு நிலையங்களுக்கு இடையே என்பதே இருக்கும். அதனைக் கையில் வைத்திருக்கும் ஓட்டம் ஒன்றே அப்பகுதியுள் நுழையலாம்.

மலாயாவின் 56ஆம் வகையைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. தற்செயலாக ஜப்பானியரிடமும் ஒரு 56 இருந்தது. அவர்தம் முறையில் ‘சி’ என்ற எழுத்து இயக்கும் அச்சுகள் மூன்று என்பதைக் காட்டும், 56 வகை, அதன்பின் வரும் எண் உடலெண். சி56 வகையில் 1 முதல் 90 வரையுள்ள எஞ்சின்கள், சக்கர இடைவெளி மீட்டர் அளவுக்குக் குறைக்கப்பட்டுப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பப்பட்டன. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதையில் அவை ஓடின.

அந்தப் பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரள் திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். நல்ல கூலி என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டோர் சிலர். வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோர் பலர். சிலாங்கூர்த் தோட்டத்து மக்களும் அவர்களுள் இருந்தனர். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு வடக்கே சென்று, சயாமில் பான் போங்கில் இறங்கி, காட்டுக்குள் நடந்தனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன.

நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அதே பாதையில் உழைத்து, 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. ஆனால் அவர்கள் படையினர்; ஒவ்வொருவருக்கும் படை எண் இருந்தது. ஜப்பானியரும் கைதிகளுக்கு அட்டை எழுதினர். பிரிட்டிஷ் கைதிகளின் அத்தகைய அட்டைகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. போர் முடிந்தபின் உடல்களைத் தேடிச் சென்றவர்கள், யாரைத் தேடுகிறோம் என்று அறிந்தே சென்றனர்.

தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய அட்டை இல்லை. தோட்டத்தில் இருந்தவரை அவன் பெயர் செக்ரோலில் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி அதனைப் படித்தார். பாதைக்குப் போனபின் எந்த ஏட்டிலும் அவன் தொடரவில்லை. முனியாண்டி என்ற பெயரில் எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் திரும்பினர், எந்த முகாமில் எந்த நாளில் எந்த முனியாண்டி வீழ்ந்தான் என்று காட்டும் ஏடு இல்லை. ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்பர். அவருள் தமிழர் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. பெரியதற்கும் சிறியதற்கும் இடைவெளி பல்லாயிரம். பாண்டியரைப் பிரித்தறியக் கல்லில் கிழமையும் நாண்மீனும் எஞ்சியிருந்தன. இவர்களுக்குப் புறப்பட்ட நாள்கூட, வீட்டில் எஞ்சியிருந்தோர் நினைவில் மட்டுமே இருந்தது. அப்பா போனபோது தம்பி கைக்குழந்தை, அந்தத் தீபாவளிக்கு முன் போனார் என்ற அளவில்தான் அந்நினைவுகள் அமையும். வரலாற்றாசிரியர் இத்தகைய சொற்களையும் பதிவு செய்யத் தயங்கலாகாது; ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் இடையே அவர்கள் போடக்கூடிய கோடு வேறில்லை.

தொண்ணூறு சி56 எஞ்சின்களுள் 31ஆம் எண்ணும் 44ஆம் எண்ணும் 1979இல் ஜப்பான் திரும்பின. சயாம் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது என்று போற்றப்படும் 31ஆம் எண் எஞ்சின், தோக்கியோவில் யாசுகுனிக் கோவிலை அடுத்த காட்சிச்சாலையின் முகப்பில் கருமை பளபளக்க நிற்கிறது. நெற்றியில் எண் தகடு அப்படியே இருக்கிறது.